நான் வேண்டாமென்ற ஃபிரேம்வொர்க்

புனே,
ஆகஸ்ட் 2007

அன்புள்ள அப்பாவுக்கு, கொளஞ்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்னத் தகராறு, பயப்படாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு இணையதளம் செய்கிறோம். எந்த வகை ரத்தம் எங்கே இருக்கிறது என்று அது உடனே காட்ட வேண்டும். இதற்கு ஃபிரேம்வொர்க் என்று ஒன்றை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குத் தூணும் உத்திரமும் தயாராகக் கிடைப்பது போல. எங்களுக்குப் பழகிய பி.எச்.பி. என்ற கணினி மொழியில் உள்ளதே போதும் என்றேன். அரியலூர்க்காரர் என்று நீங்கள் மகிழ்ந்தீர்களே, எங்கள் டீம் லீடர் வீரமணி சார், அவர்தான், "ஒனக்கு என்னா தெரியும்? ஜாவாதான். நான் அமெரிக்கா போவ அதான் ஒதவும்" என்று வாயை அடைத்தார்.

ஜாவாவிலேயே செய்தோம். நேற்று டாக்டர்களுக்குக் காட்டும்போது இணையப் பக்கம் திறக்கவே இல்லை. ஜாவா யார் முடிவு என்று கேட்டார்கள். மனிதர் கூசாமல் என்னைக் கைகாட்டினார்! எழுந்து, நான் வேண்டாமென்றதை இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து, "ஊர்க்காரின்னு பாத்தேன், மானத்த வாங்கிட்டியே" என்றார்.

"ஊர்க்காரின்னுதான் என் தலையில கட்டுனீங்களா சார்?" என்றேன்.

இப்போது பி.எச்.பி.யில் நானே திரும்பச் செய்ய வேண்டும். தீபாவளிக்கு வர முடியாது. பருப்புப்பொடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். வீரமணி சார் பேச்சை நிறுத்திவிட்டார். ஆபீஸில் தமிழ் பேச வேறு ஆளில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அம்மாவுக்கு வாசிக்கும்போது சண்டையை விட்டுவிட்டு, பருப்புப்பொடியை மட்டும் வாசியுங்கள்.

உங்கள் மகள்,
கொளஞ்சி