கதவுக்குப் பின்னால் இரண்டு பைகள்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
12.02.1995

அன்பின் றீற்றா,

மாதா காவலில் இருக்கிறேன். குளிர் ஒன்றுதான் எதிரி. நீர் கனடா வர ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது! பேப்பர்கள் இத்துடன் வருகின்றன. சண்டை நின்றிருக்கும்போதே கொழும்புக்கு வெளிக்கிடும். இந்தியன் ஆமி போய் ஐந்து வருஷம். அந்த ஆமியின் ஷெல் விழுந்து போன பள்ளிக்கூடக் கூரைக்கு நீர் இன்னும் கிடுகோலை தேடுகிறீராம். ஏழு வருஷமாகத் தனியே சோறு காய்ச்சுகிற புருஷனுக்கு வயிறு எரியாதா?

உமது
நீக்கிலாஸ்

குருநகர், யாழ்ப்பாணம்
20.03.1995

என்னவருக்கு,

வயிறெரியாமல் வாசியுங்கோ. கிடுகு போய் ஓடு வந்துவிட்டது. கடையில் மறுபடி குளிக்கச் சவர்க்காரம் கிடைக்கிறது. சனம் ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கர் குழியை மூடி வாழை வைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பங்கரை மட்டும் நான் மூட விடவில்லை. "ரீச்சருக்கு விசர்" என்கிறார்கள். சூடு கண்ட பூனையல்லவா நான்?

டிசம்பரில் என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஓ-லெவல் சோதனை எடுக்கிறார்கள். அது முடிய வருகிறேன். ஓட வேண்டி வந்தால் தூக்குவதற்குக் கதவுக்குப் பின்னால் இரண்டு பை தொங்குகிறது. ஒன்றில் உங்கள் பேப்பர்களும் கலியாணப் பதிவும். மற்றதில் வகுப்பு இடாப்பு, தினமும் பிள்ளைகளைப் பேர் கூப்பிடுகிற கொப்பி.

றீற்றா

ரெக்ஸ்டேல்
04.11.1995

றீற்றா,

திரும்பச் சண்டை மூண்டு, இலங்கை ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே வெளிக்கிட்டதாம். எங்கே நிற்கிறீரோ? சனம் போன பக்கமென்று கொடிகாமத்துப் பங்குச்சாமியாரின் விலாசத்துக்குப் போட்டு எழுதுகிறேன். உமது விசா நேர்முகத்துக்கு மூன்று தரம் தவணை மாற்றினேன். இனி மாற்ற மாட்டார்கள். அந்தப் பையோடு நேரே கொழும்புக்கு வாரும். வராவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

நீக்கிலாஸ்

கொடிகாமம்
29.11.1995

என்னவருக்கு,

உயிரோடிருக்கிறேன். உங்கள் பை வீட்டோடு போய்விட்டது. அவசரத்தில் கை மாறிவிட்டது என்று எழுதினால் நம்புவீர்கள். உங்களுக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை. முதலில் எடுத்தது உங்கள் பையைத்தான். அது கையிலிருந்தால் பயத்தில் கொழும்புக்கே ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. திருப்பி மாட்டிவிட்டு இடாப்பை எடுத்தேன்.

மூன்று நாள் தெருவோரம் நின்று பேர் கூப்பிட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மாமரத்தின் கீழ் வகுப்பு நடக்கிறது. நாலு பேரைக் காணவில்லை.

நீங்கள் கோபிப்பது நியாயம்தான்.

றீற்றா

ரெக்ஸ்டேல்
14.01.1996

அன்பின் றீற்றா,

கடைசி என்று எழுதியவன்தான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கோபம் ஆறவில்லை. ஸ்பொன்சர் பேப்பரை முதலிலிருந்து நிரப்பத் தொடங்கியிருக்கிறேன், அதில் விடமாட்டேன்.

இங்கே பூசை முடிய ஊர்ச்சனமெல்லாம் கோயில் வாசலில் நின்று கதைக்கும். காணாத பிள்ளைகள் அதில் யாராவது ஒருவருக்கு உறவாயிருக்கும். அந்த நாலு பெயரையும் தகப்பன் பெயரோடு அனுப்பும். ஒவ்வொரு ஞாயிறும் நான் இடாப்புக் கூப்பிடுகிறேன்.

உமது
நீக்கிலாஸ்