ஹெல்ப்பர் என்று எழுதிய கை

வார்னிஷ் வாசம் இன்றைக்குக் காலையில் பூஜையறை வரைக்கும் வந்துவிட்டது அக்கா.

சித்திரை ஒன்று. கனித்தட்டுக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்க ஒர்க்‌ஷாப்பில், நேற்றுக் கட்டி முடித்த மோட்டாரை வார்னிஷில் முக்கிச் சூட்டில் வைத்திருந்தார்கள். அந்த வாசம் சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. "அக்கா, டீ ஆறுதுங்க" என்று கூப்பிட வாயைத் திறந்துபோட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பதினோரு வருஷம் அன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் கம்பி சுற்றுகிற மேசையில் உட்கார்ந்தீர்கள். காப்பர் கம்பியைக் கணக்காகச் சுற்றி, மோட்டார்க் கூட்டின் காடிப் பள்ளங்களுக்குள் ஒவ்வொரு இழையாக இறக்கி, காகிதம் செருகி, நூலால் இறுக்கிக் கட்டுகிற வைண்டிங் வேலை. ஒரு சுத்து தப்பினாலும் மோட்டார் கருகிவிடும். நடுவில் நான் போய், "குழம்புக்குப் புளி எவ்வளவு போடறதுங்க?" என்று கேட்டால், "நெல்லிக்காய் அளவு போதும் அம்மணி, நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு" என்று விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்வீர்கள்.

காரமடையிலிருந்து ரங்கசாமி வேலைக்கு வந்தபோது அவருக்குக் கம்பி பிடிக்கவே தெரியாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார். அடுத்த சித்திரைக்கு நான் புதுக் கணக்குப் போடும்போது அவர் பெயருக்கு எதிரில் வைண்டர் என்று எழுதினேன். உங்கள் பெயருக்கு எதிரில், பழைய நோட்டில் இருந்தபடியே, ஹெல்ப்பர். உங்களுக்கு மாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு மாற்று என்றும்தான் யாரும் சொல்லவில்லை. என் கை தானாகவே எழுதியது. கூலியும் அதன்படியே போனது. அவருக்கு உங்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

அந்தப் பொண்ணு வந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்கு முகம் சுடுகிறது. காலேஜில் ஆராய்ச்சி செய்கிறதாம். ஆம்பிளை கூலிக்கும் பொம்பிளை கூலிக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்று இந்தப் பக்கத்துச் சின்ன ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் என்னைத்தான் கேட்டது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"வேலையெல்லாம் இல்லீங்க கண்ணு. ஊட்டுல சும்மாதான் இருக்கறேன்."

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே நீங்கள் சிரித்தீர்கள். "எழுதிக்கோ கண்ணு, சும்மாதான் இருக்கறாங்க. நாலரைக்கு எந்திரிச்சு சும்மா இருக்கறாங்க. ஒம்பது பேருக்குச் சோறாக்கிப்போட்டு சும்மா இருக்கறாங்க. பில்லு போட்டு, கூலி கணக்குப் பாத்து, ஆடிட்டருக்கு ஃபைல் கட்டிக் குடுத்து, ஒரே சும்மாதான். சாமி கும்புடறப்ப மட்டும் கொஞ்சம் வேலை."

அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "நீங்கம்மா?" என்று அது உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அவிங்க ஹெல்ப்பருங்க."

உங்கள் கை நின்றது. எண்ணிக்கையும் நின்றது. பதினோரு வருஷத்தில் நீங்கள் எண்ணிக்கையை விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அம்மணி," என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. "யாருக்கு ஹெல்ப்பு?"

அந்த அறையில் நீங்கள் உதவியாக இருக்கிற ஆள் என்று யாரைக் காட்டுவது? ரங்கசாமி குனிந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலி வித்தியாசத்துக்கு நான் ஏதேதோ காரணம் சொன்னேன். அவர் குடும்பஸ்தர் என்றேன். "எனக்குக் குடும்பம் இல்லீங்களா? ஊட்டுக்காரரு போனதுக்கப்புறம் அடுப்பு தானா எரியுதுங்களா?" என்றீர்கள். மோட்டார் தூக்குவது அவர்தான் என்றேன். நீங்கள் தலையை நிமிர்த்தி உத்தரத்தில் தொங்கிய சங்கிலிக் கொக்கியைக் காட்டினீர்கள். "தூக்கறது அது. அதுக்கு என்ன கூலிங்க போடறீங்க?"

அந்தப் பொண்ணு கிளம்பும்போது என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. படிப்பு, அனுபவம், வேலை நேரம், செய்கிற வேலை என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வருவார்களாம். எல்லாம் கழித்த பிறகும் கூலி வித்தியாசத்தில் ஒரு பங்கு அப்படியே நிற்குமாம். அதற்குக் காரணம் சொல்ல முடியாதாம்.

கணக்கில் காரணம் சொல்ல முடியாத மிச்சம் என்றால் எனக்குச் சோறு இறங்காது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆடிட்டர் திருப்பி அனுப்பின தாள்களைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு கற்றுக்கொண்டவள். அந்த வாரமே உங்களுடையதும் ரங்கசாமியுடையதுமாக இரண்டு பேரின் வேலையையும் நோட்டிலிருந்து எடுத்து வரிசையாக எழுதினேன். வந்த நாட்களைக் கழித்தேன். கட்டின மோட்டார்களைக் கழித்தேன். கருகித் திரும்பி வந்தவற்றைப் பார்த்தால், உங்களுடையதைவிட அவருடையதுதான் ஜாஸ்தி. அனுபவத்தைக் கழிக்கப் போனால் கூலி உங்கள் பக்கம் கூட வேண்டும். எல்லாம் கழித்து கடைசியில் நின்றது ஒரே ஒரு சொல். அதுவும் என் கையெழுத்தில்.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் நோட்டை வாங்கி, பக்கத்தின் தலையை விரலால் தொட்டீர்கள். "பிள்ளையார் சுழி போட்டுப்போட்டு அதுக்குக் கீழ பொய் எழுதியிருக்கறீங்களே அம்மணி. அவரு பாத்துட்டா இருப்பாரு?"

ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவள் நான். சங்கடஹர சதுர்த்திக்குப் பச்சைத் தண்ணி பல்லில் படாது. அப்படிப்பட்டவளை இதைவிடக் கூர்மையாக யாரும் குத்தியதில்லை.

உங்கள் கூலியைக் கூட்டலாமா என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இந்த ரேட்டு நாம வெச்சதா? இந்த ஏரியா பூரா இதுதான். நாளைக்கு பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன் வந்து, 'ஏனுங்க, என் ஆளுகளைக் கெடுக்கறீங்களா'ன்னு கேப்பான்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் பையன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து பந்தல் கால் நட்டவர். கல்யாணத்துக்குக் கொடுப்பார். கூலியில் கொடுக்க மாட்டார். கொடுத்தால் நன்றி வரும். கூலி கூட்டினால் அது உரிமையாகிவிடும். இந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நானும் விட்டுவிட்டேன். ஆடி போகட்டும், தீபாவளி ஆர்டர் முடியட்டும், சித்திரையில் புது நோட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். அதற்குள் உங்கள் காலில் சர்க்கரைப் புண் வந்தது. மேசையில் உட்கார முடியவில்லை என்று வேலையை விட்டு நின்றுவிட்டீர்கள். கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது, "சித்திரைக்கு மாத்திப்போடறேனுங்க அக்கா" என்றேன். "மாத்துங்க. நான் இருந்தாலும் மாத்துங்க, இல்லாட்டியும் மாத்துங்க" என்றீர்கள். ஐப்பசியில் போய்விட்டீர்கள். அடுத்த சித்திரையில் உங்கள் பெயரே நோட்டில் இல்லை. மாற்ற ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இன்னொரு பொய்.

பங்குனியில் உங்கள் மருமகள் இங்கே வேலைக்கு வந்தாள். வீட்டில் வைத்து நீங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கம்பியை இழுக்கும்போது சுண்டுவிரலை மடக்குவதுகூட உங்களைப் போலவே. இன்றைக்குக் காலையில் ஒர்க்‌ஷாப்பையே தூக்கிக்கொண்டு வந்த வாசம் அவள் கட்டின மோட்டாருடையது.

பூஜை முடிந்தது. புது நோட்டின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்தேன். சுழி போட்டேன். இவர் பக்கத்தில் நின்று, "புதுப் பொண்ணு பேரை ஹெல்ப்பர்னு ஏத்திக்கோ" என்றார்.

பேனாவை எடுத்து, வைண்டர் என்று எழுதினேன். எதிரில் ரங்கசாமிக்கு எழுதிய அதே கூலி.

"என்ன எழுதறே?"

"அவ செய்யற வேலையைங்க."

"பக்கத்து ஒர்க்‌ஷாப்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

"என்கிட்ட அனுப்புங்க. கருகித் திரும்பி வந்த மோட்டார்க் கணக்கைக் காட்டறேன். சுழிக்குக் கீழ இனி நான் பொய் எழுத மாட்டேனுங்க. வேணும்னா நீங்க எழுதுங்க." நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பேனாவைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். எழுதவில்லை. கடைசியில் கேலியாகக் கேட்டார், "அப்ப நீயும் சம்பளம் எழுதிக்குவியா?"

"அடுத்த வரி காலியாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

அவர் வெளியே போனதும் பரணிலிருந்து உங்கள் பதினோரு நோட்டுகளையும் இறக்கினேன். கணக்கில் தப்பு எழுதினால் அழிக்கக் கூடாது. கீழே எழுதியிருந்தது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு நோட்டிலும் ஹெல்ப்பரை அடித்தேன். மேலே வைண்டர் என்று எழுதினேன். பதினோரு கையெழுத்து. கூலி எழுதின இடத்தைத் தொடவில்லை. அதைப் பேனாவால் சரிசெய்ய முடியாது. உங்களுக்குச் சேர வேண்டியதை நான்தான் உங்களுக்கு இல்லாமல் செய்தேன். அதைக் கோடு போட்டு மறைக்கிற தைரியம் எனக்கு வேண்டாம்.

மத்தியானம் உங்கள் மருமகள் டீக்கு வந்தாள். நோட்டு திறந்தே கிடந்தது. தன் பெயரைத் தேடிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை சொல்லுவாங்க, அம்மணிகிட்ட ஒரு கேள்வி கேட்டுவெச்சிருக்கறேன், பதில் வாங்கிப்போடுன்னு."

"வந்துதுன்னு சொல்லிப்போடு கண்ணு," என்றேன். "லேட்டுதான். ஆனா வந்துருச்சு."

அவள் மேசைக்குப் போய் எண்ண ஆரம்பித்தாள். சத்தமாக, உங்களைப் போலவே. நான் பேனாவைத் திறந்து, காலியாக இருந்த அந்த அடுத்த வரியில் என் பெயரை எழுதினேன்.