ஹோலுக்குள் ஒரு தவறணை

2026 மாசி (பெப்ரவரி) 8, ஞாயிறு

பிரான்சிலிருந்து லீவில் வந்த மகன் பிரகாஸ், தச்சனைக் கொண்டு ஹோல் மூலையில் மேசை அடிக்கிறான். நெஞ்சு உயரம். என்னடா, கடை போடப் போறியோ என்று கேட்டேன். "இல்லையம்மா, பார். வாற ஆக்களை வடிவாக் கவனிக்க." விளங்கிவிட்டது. வீட்டுக்குள்ளே சாராயத் தவறணை.

மாசி 11

கதிரைகள் வந்தன. ஏறி இருந்து பார்த்தேன். கால் நிலத்தில் முட்டவில்லை. குடித்தவன் விழுவான், சரி. இதில் குடிக்காதவனும் விழுவான்.

மாசி 13

போத்தல் அடுக்கியாயிற்று. விஸ்கி, பிரண்டி, பெயர் வாயில் வராத ஒன்று, எங்கடை தென்னஞ்சாராயம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிளாஸாம். இவன்ரை அப்பர் தேத்தண்ணி குடித்த கோப்பையிலேயே மற்றதையும் முடித்தவர். நேரெதிரே திரு இருதய ஆண்டவர் படம். ஏசினேன். சீலை ஒன்று தொங்கவிட்டான் - ஆண்டவருக்கு இல்லை, போத்தலுக்கு.

மாசி 15

இன்றைக்குத்தான் மெல்லச் சொல்கிறான். "அம்மா, சிமியோன் மாமா இருபத்து மூண்டாந் திகதி கனடாவுக்குப் போறார். மகளோடை இருக்க. இனித் திரும்பி வரமாட்டார். போக முதல் ஒருக்கா இதிலை வந்து இருக்கவேணும்."

அப்ப மேசை அடித்தது இதுக்குத்தான்.

சிமியோன் என்ரை கூடப்பிறந்த தம்பி. என்ரை மூத்தவள் ஜெசிதாவின் கலியாணத்தன்று, மாப்பிள்ளை பகுதிக்கு ஊத்தின பிறகுதான் தாய்மாமன் தனக்கு ஊத்தினதாம் என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவன். மாமன் இல்லாமல் என்ரை பிள்ளை கோயில் படி ஏறினாள். அன்றைக்கு அவன் போட்டிருந்தது மண்ணிறச் சேட்டு. கழுத்துத் தெறி அறுந்து போயிருந்தது. அதற்குப் பிறகு சந்தையில் அவனைக் கண்டால் நான் மீனைத்தான் பார்ப்பேன்.

உவன் வந்து இதிலை காலை ஆட்டிக்கொண்டு இருக்க, நான் பார்த்துக்கொண்டு நிக்கவோ?

மாசி 16

ஏலாது.

மாசி 17

பிரகாஸ் சாப்பிடவில்லை. "எங்கடை வீட்டிலை அவருக்கு முதல் கிளாஸ் ஒருக்காக் குடுத்தால் போதும் அம்மா. பிறகு நீங்கள் கதைச்சாலும் சரி, விட்டாலும் சரி."

வரட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டான். நாளைக்கு என்ன நாள் என்று பிரான்சுக்காரனுக்கு ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை.

மாசி 18, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து பாருக்கு முன்னால் நிற்கிறான் பிரகாஸ். தபசுகாலம் தொடங்கிவிட்டது, நாற்பது நாள். இனி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குருநகரில் மரியாதையுள்ள ஒருத்தனும் போத்தலைத் தொடமாட்டான்.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்கு ஓடிவந்தேன்.

மாசி 20, வெள்ளி

சிலுவைப்பாதை முடிய பிரகாஸின் சிநேகிதர்கள் வந்தார்கள். கூடவே சிமியோன். குசினிக் கதவு இடுக்கால் பார்த்தேன். உயரக் கதிரைகளில் வரிசையாக இருந்து, நீல லைற் வெளிச்சத்தில், பிளேன்ரீ குடிக்கிறார்கள். தவறணை இல்லை, செத்தவீடு.

சிமியோன் மெலிந்துவிட்டான். எழும்பும்போது சொல்கிறான்: "பரவாயில்லை மருமோன். இந்த வீட்டிலை எனக்கு எழுதேல்லைப் போலை."

எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னான். கள்ளன்.

இராச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

மாசி 21

காலையில் பிரகாஸைக் கூப்பிட்டேன். "ஞாயிற்றுக்கிழமை தபசு நாற்பதிலை சேராது. சின்னனிலை ஞானோபதேசத்திலை சொல்லித் தந்தது. எண்ணிப் பார்."

விரல் விட்டு எண்ணினான். நம்பாமல் போனிலும் பார்த்தான்.

"அம்மா! இது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"நீ கேட்டனியோ?"

மாசி 22, ஞாயிறு

பூசை முடிய சிமியோன் வந்தான். பிரகாஸ் சாராயப் போத்தலைத் தூக்கினான். பிடுங்கினேன். "தள்ளு. உனக்கு அளவு தெரியாது." நானே ஊத்தி சிமியோனுக்கு முன்னால் வைத்தேன். மற்றக் கிளாஸெல்லாம் வெறுமையாய் இருந்தன.

சிமியோன் கிளாஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அக்கா, நஞ்சு கிஞ்சு ஒண்டும் கலக்கேல்லையே?"

"உனக்கு அதுவும் வாங்கிக் காசைக் கரைக்கவோ? குடியடா."

குடித்தான். கண் கலங்கினது சாராயக் காரத்தில் என்றான். நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். ஜெசிதா தனியப் படி ஏறினது ஏறினதுதான்.

மாசி 25

சிமியோன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கையிருந்து போன் எடுத்தான். "சரியான குளிர், அக்கா." காதை மூடிக் கட்டடா விசரா, சின்னனிலேயே உனக்குக் காது நோ வாறது என்று ஏசினேன். வை என்றேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிரகாஸ் வந்து, சார்ஜ் முடியப்போகுது என்று வயரைக் கொழுவிவிட்டுப் போனான்.