பசுபதியின் மகன்

பிளானோ, டெக்சாஸ்
27 ஜனவரி 1991

சவூதிப் புழுதியில் பல் தேய்க்கும் அண்ணன் ரஞ்சித்குமாருக்கு, தம்பி மகிழன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அப்பா வழக்கம்போல உன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். நீ ராணுவத்தில் சேர்ந்த அன்று, "இனிமே என் பேரைச் சொல்லிட்டு எங்கயும் திரியாதே" என்று கத்தினாரே, அதிலிருந்து இறங்கவே இல்லை. தெரிந்தவர்களைப் பொறுத்தவரை நீ கலிஃபோர்னியாவில் எம்.எஸ். படிக்கிறாய். வாழ்த்துகள்.

பள்ளியில் பழைய கிரேக்கக் காவியம் ஒன்று நடத்துகிறார்கள். போர்க் கதை, போரடிக்கும் என்று நினைத்தேன். இல்லை, குமட்டுகிறது. ஈட்டி பல்லுக்குள் நுழைகிறது, குடல் கையில் வழிகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எவன் எவனைக் கொன்றான், எங்கே குத்தினான் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பெரிய சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குச் சிவப்பு மார்க்கர், வயிற்றுக்குப் பச்சை. சிரித்துச் சிரித்து வண்ணமடிக்கிறார்கள். சீ! பாட்டு கட்டியவன் சிரிக்கவே இல்லை, அண்ணா. ஒவ்வொருவன் விழும்போதும், இவன் இன்னாருடைய மகன், வீட்டில் இன்னார் காத்திருக்கிறார் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறான். சார்ட்டில் அதற்கு மட்டும் இடமில்லை.

மதிய இடைவேளையில் கைவரிசையைக் காட்டினேன். செத்தவர்கள் பெயர்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, வகுப்பில் இருப்பவர்களை அவரவர் அப்பா பெயரோடு எழுதிவைத்தேன். கடைசி வரி: 'பசுபதியின் மகன், மணலில்.'

டீச்சர் அப்பாவை வரவழைத்தார். அப்பா சார்ட்டை முழுக்கப் படித்தார். காரில், "உன் பேரை எழுதாம எதுக்குடா என் பேரை எழுதின?" என்றார். "அது நான் இல்லப்பா" என்றேன். கராஜில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்: "அவன் மிலிட்டரி சட்டையில என்ன பேர் தைச்சிருக்கான்?"

நம் ஆட்கள் இங்கே வந்ததும் அப்பா பெயரைத்தானே லாஸ்ட் நேம் ஆக்கிவிடுகிறார்கள்! "பசுபதின்னுதான்ப்பா. அங்க எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாங்க." அவர் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

நேற்று கிட்டுசாமி அங்கிள் வந்திருந்தார். மிக்சரைக் கொறித்தபடி, டிவியில் ஈராக்மேல் குண்டு விழுவதைப் பார்த்து, "அடி சக்கை! கரெக்டா விழுந்துச்சு பாரு" என்று கைதட்டினார். அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். "என் பையன் அங்க இருக்கான், கிட்டு."

"கலிஃபோர்னியான்னீங்களே?" என்றார் அங்கிள், வாய் நிறைய மிக்சரோடு.

நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா வெளியே போய்விடுவார் இல்லையா? இன்று காலையிலிருந்து போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மணி அடித்து அம்மா கை நீட்டினால் முறைக்கிறார். அடுத்த முறை எடுக்கப்போவது அவர்தான். எடுப்பார், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, அண்ணா. என்ன சாப்பிட்டாய், எப்படிக் குளிர்கிறது, எதையாவது சொல்லிக்கொண்டே இரு.

பத்திரமாக இருக்க வேண்டும் என்று கெஞ்சும்,
தம்பி மகிழன்