ஆயிரத்தொன்பது

12-8-1981, புதன்

மாலை விளாங்குடிக்குப் போய் ஞானமுத்துவைப் பார்த்தேன். என்னோடு கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஈரல் கெட்டுவிட்டது. இன்னும் ஒரு வாரம் என்கிறார் டாக்டர்.

1022117 பகா எண்தானா என்று மூன்று மாதமாக இருவரும் வகுத்துப் பார்த்தோம். 91-ஐப் பார்த்தால் எதிலும் வகுபடாது என்று தோன்றும், ஏழில் மாட்டிக்கொள்ளும். இது எதிலும் மாட்டவில்லை. பழைய புத்தகத்தின் பகா எண் அட்டவணையில் பாதி எண்கள் அவனுக்கு, பாதி எனக்கு. கடைசி எண் 997 வரை மீதி வந்தது. பகா எண்தான் என்று போன வாரம் முடிவு செய்தோம்.

இன்று காலைதான் உறைத்தது. வர்க்கமூலம் வரை பார்க்க வேண்டும். அது 1010-ஐத் தாண்டுகிறது. அட்டவணை முடிந்த இடத்தில் நாங்களும் நின்றுவிட்டோம். அடுத்த பகா எண் 1009. வகுத்தேன். 1013 வந்தது, மீதி இல்லை.

சொல்லத்தான் போனேன்.

"வா மாப்ள. அம்புட்டையும் போட்டுப் பாத்தும் மசியல பாத்தியா! ஒன் பங்குல தப்பில்லையே? நீ பெருக்கல்லயே கோட்டை விடுற ஆளு."

மகள் சிரித்தாள். அவள் அப்பா இப்படிப் பேசி நாளாயிற்றாம்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன்டா. சரிதான்."

நாங்கள் வகுத்த கணக்கு நோட்டை நீட்டி, சிவப்பு மையில் 'சரி' போட்டுக் கையெழுத்திடச் சொன்னான். போட்டேன். அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு மகளிடம் நோட்டைக் கேட்டு வாங்கித் திருத்தலாமா என்று தோன்றுகிறது. வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.