கீர்த்தியின் கம்ப்யூட்டரும் என் ரெக்சின் கவரும்

9.5.2005 திங்கள்
இன்று மூன்று பைக் சீட்டுக்கும் ஒரு ஆட்டோ சீட்டுக்கும் கவர் தைத்தேன். இந்த வெயிலுக்கு ரெக்சின் தானே இளகி இழுத்த பக்கம் வருது. கத்திரி வெயில் எனக்குக் கூலி வாங்காத வேலைக்காரன்.

வீட்டுக்கு வந்தால் என் பொண்ணு கீர்த்தி நோட்டுப் போட்டு எழுதிக்கினு இருந்தாள். கல்யாணச் சீர் லிஸ்டா என்று கேட்டேன். கம்ப்யூட்டராம். கட்டி வைத்ததை வாங்க மாட்டாளாம், ஒவ்வொரு சாமானா வாங்கி அவளே மாட்டுவாளாம். எதுக்கு என்றால் மறைக்கவில்லை. கேம் ஆட. கார் ரேஸ். காஞ்சிபுரம் நெட் சென்டரில் பையன்கள் எழுந்திருக்கவே மாட்டேங்கிறானுங்களாம். இவள் காசும் கொடுத்து, பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறாள்.

காலேஜில் ரெண்டாம் வருஷம் முடித்தவள். பணம் அவளுடையது, ரெண்டு வருஷமா தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. நான் சிரிக்கலாம், தடுக்க முடியாது.

12.5.2005
லிஸ்ட் ஐந்தாவது தடவை மாறிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேணுமாம். அது இல்லாவிட்டால் கார் குதிச்சுக் குதிச்சுப் போகுமாம். நம்ம ஊர் ரோடு அப்படித்தானே, பழகிக்கோ என்றேன். முறைத்தாள். அந்தக் கார்டுக்காக மானிட்டர் பழசு, மெமரி பாதி, ஸ்பீக்கரே கிடையாது. இன்ஜினை வாங்கிட்டு சக்கரத்துக்குக் காசில்லாம நிக்கப் போறே என்றேன்.

“நீ சீட்டைப் பத்தி மட்டும் பேசுப்பா.”

நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்.

14.5.2005
மங்கம்மா கண்டிஷன் போட்டுவிட்டாள். ஜூன் பதிமூணு காலேஜ் திறக்கறதுக்குள்ள ஒழுங்கா ஓடணும். இல்லையா, மொத்தத்தையும் வித்துக் காசை பேங்கில் போடணும். கீர்த்தி சரி என்றாள். என் பொண்டாட்டி தாசில்தாராகப் பிறந்திருக்க வேண்டியவள்.

18.5.2005
கீர்த்தியோடு காஞ்சிபுரம் போய் வந்தேன். தினகரன் என்று ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக், சின்னக் கடை, மெதுவாகப் பேசுகிற ஆள். எல்லாச் சாமானும் அங்கேயே. மானிட்டரைப் போலவே கார்டும் பழசு. கேரண்டி கிடையாதும்மா, ஆனா ஒரு வாரம் நானே ஓட்டிப் பாத்தது என்று சொல்லிக் கொடுத்தார்.

பஸ்ஸில் கீர்த்தி மடியில் பெரிய பெட்டி. பக்கத்து சீட்டுக்காரர், டிவியா என்று கேட்டார். மாப்பிள்ளை என்றேன். அவள் கிள்ளின இடம் இன்னும் சிவந்து கீது.

20.5.2005
ஓடிச்சு. என் ஸ்க்ரூ டிரைவரை வைத்து எல்லாம் அவளே மாட்டினாள். ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது எதுக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் கார் குதிக்கவில்லை, வழுக்கிக்கினு போவுது. அரை மணி நேரம் அவள் வாய் மூடவே இல்லை, சிரிப்பில்.

22.5.2005 ஞாயிறு
நெல்லு லாரி போகிற தெரு. காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அதனால் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு கவர் தைத்தேன். மெரூன் ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். சுவிட்சு போட முன்னால் ஒரு மடிப்பு, ஒயருக்குப் பின்னால் ஒரு கீறல். மத்தபடி விரல் நுழையாது. இருபது வருஷத்தில் இப்படிப் படிஞ்சு நின்ன கவர் நான் தைத்ததில்லை. கீர்த்தி பார்த்தாள். கொஞ்சம் நின்றாள். சூப்பர்ப்பா என்றாள்.

24.5.2005
ஆடிக்கினு இருக்கும்போதே பொட்டென்று அணைந்துவிட்டது. கரண்ட் இருந்தது.

26.5.2005
கால் மணி நேரம் கார் ஓட்டினால் அணையுது. சும்மா வைத்தால் அணையறதில்லை. மங்கம்மா காலண்டரைப் பார்க்கிறாள். மிச்ச ஸ்க்ரூவோட வேலை என்று ஜோக்கடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பார்த்தால் கீர்த்தி கண்ணெல்லாம் தண்ணி.

28.5.2005
கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கார் குதிக்குது, ஆனால் அணையவில்லை. அப்போ கார்டுதான். தனியாகவே காஞ்சிபுரம் போய், நாலு பேர் நிற்கும்போது தினகரனை, கெட்டுப் போனதைத் தலையில கட்டிட்டீங்களே என்று கேட்டுவிட்டாளாம். அவர் கார்டை வாங்கிக்கினு பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நானும் சும்மா இல்லை. என் கடைக்கு வந்த ரெண்டு பேரிடம், அந்த ஆள்கிட்ட எதுவும் வாங்காதீங்க என்று சொன்னேன்.

31.5.2005
எப்படி எழுதறது.

கீர்த்தி ஏதோ சிடி காப்பி ஆகட்டும் என்று ஓடவிட்டு டியூஷனுக்குப் போயிருந்தாள். கவரில் ஒரு இடம் தையல் விட்ட மாதிரி இருக்கே என்று பின்னால் கையை விட்டேன். உள்ளே அடுப்பு. சின்னதா ஒரு ஃபேன் சுத்துது, அது தள்ற காத்து போக வழியில்லாமல் ரெக்சினில் முட்டி உள்ளேயே திரும்புது. கார்டு இல்லாமலே இந்தச் சூடு. அதுவும் இருந்து, கேமும் ஓடினால்?

அடப்பாவி. இத்தனை வருஷமா சீட்டுக்குத்தானே கவர் போட்டேன். இன்ஜினுக்கு எவனாவது போடுவானா?

1.6.2005
சொல்லவில்லை. தையல் பிரிஞ்சிருக்கு, கடையில தைச்சுட்டு வரேன் என்று கவரை எடுத்துக்கினு வந்துவிட்டேன்.

2.6.2005
இன்றும் சொல்லவில்லை. ஊரையே ஓட்டுகிறவன், என்னை எவனாவது ஓட்டினால் தாங்க மாட்டேன் போல. நாற்பத்தாறு வயசு. வெக்கமா கீது.

கீர்த்தி கூடப் படிக்கிற இர்பானாவின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பாராம். விற்கத்தான். மங்கம்மா சொல்லவில்லை, கீர்த்தியே பேசி முடித்துவிட்டாள்.

3.6.2005
சொல்லிட்டேன். சோறு தின்னும்போது. கார்டு மேல தப்பில்ல கண்ணு, என் கவர்தான், செவ்வாக்கெழமையே தெரியும்.

மங்கம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கீர்த்தி சிரிக்கவில்லை.

“வேணாம்னு அன்னைக்கே சொல்ல இருந்தேன். ஆசையா தைச்சியேன்னு வுட்டேன்” என்றாள். அப்புறம், “நாலு பேர் முன்னால அவரைத் திட்டிட்டு வந்தேன்ப்பா. மூணு நாளா தெரிஞ்சும் சும்மா இருந்தியே.”

தட்டை எடுத்துக்கினு எழுந்து போய்விட்டாள். அடி வாங்கியிருந்தால் பரவாயில்லை.

4.6.2005 சனி
முதல் பஸ். தினகரன் கடை திறந்ததும் வாசலில் ஓரமாக நின்றேன். நாலு பேர் சேரட்டும் என்று காத்திருந்தேன். மூணு பேர்தான் வந்தார்கள், போதும் என்று உள்ளே போனேன். என் பொண்ணு உங்களைக் கேட்டது தப்பு, கெடுத்தது நான், கம்ப்யூட்டரை மூச்சு முட்டக் கட்டி வைச்ச மடையன் நான்தான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

தினகரன் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஓடிக்கினு இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார்.

“ஒரு வாரமா நிறுத்தாம ஓடுது, உங்க கார்டு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு சார்.”

பணத்தை நீட்டினேன். கழற்றிக் கொடுத்தார், பழைய விலைக்கே. திரும்பி வந்து, அவரைப் பத்தி நான் கெடுத்துச் சொன்ன ரெண்டு பேரையும் தேடிப் பிடித்துச் சரி பண்ணினேன். ஒருத்தன் மறந்தே போயிருந்தான்.

கார்டை மேஜை மேல் வைத்தேன். கீர்த்தி இர்பானாவுக்கு போன் போட்டு, அண்ணன் வர வேணாம் என்றாள்.

7.6.2005
மூணு நாளா ஆடுறா. ஒரு தடவைகூட அணையவில்லை. என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு ரெடி என்பதுகூட மங்கம்மா வழியாக வருது. நானும் ஜோக்கு எதுவும் சொல்லவில்லை. மங்கம்மா என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

9.6.2005
கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, கீர்த்தி பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து கார் போறதைப் பார்த்துக்கினு இருந்தேன். திரும்பாமலே பேசினாள்.

“தள்ளி உக்காருப்பா. ஃபேனை மறைக்கிற.”

தள்ளி உட்கார்ந்தேன்.