மில் வேலைக்கு என்ன பதில்?

அண்ணனுக்கு,

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் உறியில் இருக்கின்றன.

ஒரு கையை வைத்துக்கொண்டு சைக்கிள் கடை நடத்த முடியாது, மில்லில் காவல் வேலைதான் சரி என்று நேற்று உங்களோடு சண்டை போட்டேன். அதற்காக நோட்டில் ஒன்பது காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். இன்று மதியம் மரத்தடியில் நீங்கள் வேலை செய்வதைத் தள்ளி நின்று பார்த்தேன். டியூபைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இடது கையால் ஒட்டுப் போட்டீர்கள். என் பக்கத்தில் நின்ற தபால்காரர், "வேற கடையில ஒட்டுனது திருவரங்குளம் தாண்டல தம்பி. ஒங்க அண்ணன் போட்டா டயரு தேஞ்சாலும் ஒட்டு விடாது" என்றார். இன்னொருவர் கோணிய சக்கரத்தை நிமிர்த்தச் சொன்னபோது, "அது எனக்கு வராதுங்க, கீழ ராஜ வீதியில குடுங்க" என்றீர்கள். சக்கரம் நிமிர்த்த வராது என்பது என் ஒன்பது காரணங்களில் இல்லவே இல்லை. உங்களால் எது முடியாது என்பதும் உங்களுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஏழு மணிக்கு மில் கணக்கப்பிள்ளை சோலையப்பன் வருவார். உங்களைக் கேட்காமல் அவரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். அது தப்பு. நீங்களே பதில் சொல்லுங்கள்.

சூசை

பத்து விரல் இருந்தும் நான் இன்னும் ஒரு பக்கம் பிழையில்லாமல் அடித்ததில்லை.

வேண்டாம் என்பதானால் அவர் காபி குடித்து முடித்தபின் சொல்லுங்கள். வருத்தப்பட்டால், தம்பி அவசரப்பட்டுவிட்டான் என்று பழியை என்மேல் போடுங்கள்.